சித்திரையில் மட்டும் பார்த்த வாய்கள்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள். மேசையின் தலைமாட்டில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்து டைரக்டர். அவருக்கு வலது கைப்பக்கம் எங்கள் டாக்டரம்மா. எதிரில் புள்ளிவிவரம் பார்க்கும் சார், மடிக்கணினியோடு. சுவரோரம் போட்ட நாற்காலியில் என்னோடு வீடு வீடாகப் போய் வேலை பார்த்த செல்வி. அவளுக்குப் பக்கத்தில் நான்.

சின்னப்பொண்ணு இல்லை. யாருடைய வாயில் இந்தப் பேச்சு ஆரம்பித்ததோ அந்த அம்மா அப்போது சேலத்து ஆஸ்பத்திரியில், கன்னத்தை வெட்டித் தைத்த கட்டோடு படுத்திருந்தார்.

நீங்கள் வேலைக்குப் புதுசு. டார்ச்சும் பையும் அடையாள அட்டையும் கொடுத்திருப்பார்கள். வாயை எப்படித் திறக்கச் சொல்வது, எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது என்பதெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. நான் எட்டாவது வரைக்கும்தான். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எனக்குத் தெரிந்தது ஒரே விஷயம். அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

எனக்கு ஊர் ஏற்காடு. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் அத்தா வைத்த கடை. வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, சோப்பு, தீப்பெட்டி. அத்தாவுக்குப் பிறகு அண்ணன் நடத்தினார். புகையிலை விற்ற சோற்றில் வளர்ந்தவள், புகையிலையை விடச் சொல்லும் வேலைக்குப் போனேன். அண்ணன் சிரித்தார்.

“நான் வித்துட்டே இருக்கறேன். நீ உடச் சொல்லிட்டே இரு. ஊட்டுக்கு ரெண்டு பக்கமும் வருமானம்” என்றார்.

டாக்டரம்மா ஆராய்ச்சி செய்தது வாய்ப் புற்று. நாகலூர் தாண்டி உள்ளே இருக்கிற ஊர்கள் சிலதை எடுத்துக்கொண்டார். அங்கே ஆணும் பெண்ணும் புகையிலை அடக்குவார்கள். வருடக்கணக்கில் அடக்கினால் கன்னத்துக்குள் வெள்ளையாகத் திட்டு விழும். எல்லாத் திட்டும் புற்றாகாது. சிலது ஆகும். எது ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

டாக்டரம்மாவின் கேள்வி சின்னது. மலைப் பேச்சு தெரிந்த ஒருத்தர் வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, நிதானமாகப் பேசினால் இவர்கள் விடுவார்களா?

அந்த ஒருத்தர் நான்தான். செல்வி எழுதுவாள். நான் டார்ச் அடித்துப் பார்ப்பேன். பார்த்த பிறகு பேசுவேன். மலையடிவாரத்தில் இன்னும் சில ஊர்கள். அங்கே பார்ப்பதோடு சரி. பேச்சு கிடையாது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் திட்டம்.

முதல் சுற்று மார்கழியில் போனோம். பணம் அப்போதுதான் வந்தது. காப்பிப் பழம் எடுக்கிற காலம். பாதி வீடு பூட்டிக் கிடந்தது. எஸ்டேட்டுக்கே போய்ப் பார்த்தால் கணக்கெழுதும் ரைட்டர் சத்தம் போடுவார். “வேலை நேரத்துல வாயைத் தொறக்கச் சொன்னா கை நிக்குதும்மா” என்பார். இருட்டும் வரை காத்திருந்து, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீட்டு வாசலில் பனியில் நின்று பார்த்து, பேசி முடித்தோம்.

அடுத்த சுற்றுக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். எந்த மாதம் போனால் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்? சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எங்கே வேலைக்குப் போனவனும் ஊர் திரும்பிவிடுவான். சித்திரைக் கடைசியில் போனால் ஒரு வீடும் பூட்டியிருக்காது. கல்லூரிப் பிள்ளைகளுக்கும் லீவு. எழுதுகிற வேலைக்கு உதவிக்கு வருவார்கள். நல்ல யோசனை. யாரும் மறுக்கவில்லை.

அப்படியே போனோம். எல்லாக் கதவும் திறந்திருந்தது. வீட்டுக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

“போயிலை போடறீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க” என்றார்கள்.

அடுத்த வீட்டிலும் இல்லீங்க. அதற்கடுத்த வீட்டிலும் இல்லீங்க. வாயைத் திறந்தால் பல் வெளுத்திருந்தது. திட்டு மெலிந்திருந்தது. சிலருக்கு இருந்த இடமே தெரியவில்லை. சின்னப்பொண்ணுக்கு மார்கழியில் இடது கன்னத்துக்குள் கட்டைவிரல் அகலத்துக்குத் திட்டு இருந்தது. சித்திரையில் வெறும் சாம்பல் நிழல்.

நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி என்னைப் பார்த்தாள். “அக்கா, உங்க பேச்சுக்கு ஊரே கட்டுப்பட்டுருச்சு” என்றாள். அடிவாரத்து ஊர்களில் ஒருவரும் விடவில்லை. அங்கேதான் நான் பேசவில்லையே.

அடுத்த வருடமும் சித்திரையில்தான் போனோம். அதற்கடுத்த வருடமும். அதே பதில். அதே வாய்.

டாக்டரம்மா எழுதினார். வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. அதில் சொன்னது இதுதான். உள்ளூர்க்காரர் ஒருத்தர் வருடத்துக்கு ஒரு முறை பேசினால் போதும். விட்டுவிடுவார்கள். திட்டும் மறைந்துவிடும். மறைந்தவர்களை அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. பணமும் ஆளும் மிச்சம். சின்னப்பொண்ணு வாயின் படம் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். மார்கழி, சித்திரை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொன்ன இடத்தில் என் பெயரும் செல்வி பெயரும் இருந்தது. அண்ணன் அந்தப் பக்கத்தைப் பிரிண்டு எடுத்துக் கடையில் ஒட்டினார். புகையிலை டப்பாவுக்கு மேலே.

ஒரு ஆராய்ச்சியாளருக்குப் பெயர் எப்படி வருகிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எழுதினால் மட்டும் போதாது. எழுதியதை வேறு ஆட்கள் எடுத்து, “இன்னார் இப்படிச் சொல்லியிருக்கிறார்” என்று தங்கள் கட்டுரையில் போட வேண்டும். ஒருத்தர் போட்டால் ஒன்று ஏறும். அதைக் காட்டக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் இருக்கிறது. பெயரைத் தட்டினால் எத்தனை கட்டுரை, எது எத்தனை பேரால் எடுக்கப்பட்டது என்று கோடு கோடாக வரும். டாக்டரம்மாவுக்கு மற்றக் கட்டுரையெல்லாம் குட்டைக் கோடு. இந்த ஒன்று மட்டும் நெட்டைக் கோடு. அதை வைத்து அவருக்கு அழைப்பு வந்தது, திட்டத்துக்கு மறுபடி பணம் வந்தது. துறைத் தலைவர் பதவி வரப் போகிறது என்றார்கள். நூறைத் தாண்டிய அன்றைக்கு டைரக்டர் சேலத்திலிருந்து மைசூர்பாகு வாங்கிவரச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கு இரண்டு கொடுத்தார்.

இதற்குப் பிறகுதான் ஐப்பசி வந்தது.

நிலையத்து ஆண்டு மலருக்குப் படம் வேண்டும் என்றார்கள். டாக்டரம்மாவும் சின்னப்பொண்ணும் சேர்ந்து நிற்கிற படம். போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் போனோம். மழை. முன்னால் போகிற வண்டி தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். ஐப்பசியில் நாங்கள் அந்த ஊருக்குப் போனதே கிடையாது.

சின்னப்பொண்ணு தாழ்வாரத்தில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தார். வாசலுக்குப் போய்ச் சிவப்பாகத் துப்பிவிட்டு வந்தார்.

“ஏனுங்க பாயம்மா, இது உங்க மாசம் இல்லீங்களே?” என்றார்.

டாக்டரம்மா என் கையிலிருந்து டார்ச்சை வாங்கினார்.

“வாயைக் கொப்புளிச்சுட்டு வாங்க சின்னப்பொண்ணு.”

கொப்புளித்துவிட்டு வந்தார். திறந்தார். டாக்டரம்மா குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. பிறகு கையுறை போட்டு உள்ளே விரலால் அழுத்தினார். சின்னப்பொண்ணு முகம் சுளித்தார்.

“வலிக்குதா?”

“காரம் பட்டா எரியுமுங்க. மத்தபடி ஒண்ணுமில்லீங்க.”

“எப்ப இருந்து மறுபடி போடறீங்க?”

“மறுபடியா? எப்பவும் போடறதுதானுங்களே.”

“சித்திரையில கேட்டப்ப இல்லைன்னீங்க.”

“அது சாமி மாசமுங்க. சித்திரை பொறந்தா கறி தின்ன மாட்டோம், போயிலை தொட மாட்டோம். சேர்வராயனைப் பார்த்துட்டு வந்தப்பறம்தான். எங்க பக்கத்து ஊரெல்லாம் அப்படித்தானுங்க.”

“அதை ஏன் சொல்லலை?”

“நோம்பு இருக்கறதை வாய்விட்டுச் சொல்லப்படாதுங்க. சொன்னா பலிக்காது.” கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே கேட்டார். “நீங்க கேட்டது போடறயான்னு. அன்னைக்குப் போடலை. போடலைன்னேன். பொய்யாங்க?”

“இல்லை” என்றார் டாக்டரம்மா. “பொய் இல்லை.”

போட்டோகிராபர் பின்னாலிருந்து கேட்டார். “மேடம், வெளிச்சம் போயிட்டே இருக்கு. அந்தம்மாவைக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க.”

“கேமராவை உள்ள வைங்க.”

சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, சின்னப்பொண்ணை அப்போதே ஜீப்பில் ஏற்றினோம். அவர் வரமாட்டேன் என்றார். மிளகு காயவில்லை, ஆடு அவிழ்க்கவில்லை என்றார். நான் கையைப் பிடித்து ஏற்றினேன். வழியில் அவர் தூங்கிவிட்டார். டாக்டரம்மா கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே எதுவும் தெரியவில்லை.

கடைக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் எடை போட்டுக்கொண்டே கேட்டார்.

“சித்திரையில அந்தப் பக்கம் போயிலை போகாதுன்னு உனக்குத் தெரியாதா? அத்தா காலத்துல இருந்து அந்த மாசம் சரக்கே எடுக்கறதில்ல. டப்பாவைத் தூசி தட்டி வெச்சதே நீதான?”

தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். கடையில் தெரிந்தது கடையோடு இருந்தது. வேலை வேலையோடு இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா எல்லா வீட்டையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். மழை விடட்டும் என்றாள் செல்வி. “மழையிலதான் பார்க்கணும்” என்றார் டாக்டரம்மா. ஐப்பசியும் கார்த்திகையும் நடந்தோம். வெள்ளக்கடை ஊர்ப் பக்கமிருந்து இரண்டு பையன்களைப் பைக்கோடு பிடித்தோம், ஜீப் போகாத இடத்துக்கு.

ஒவ்வொரு வீட்டிலும் வெற்றிலைப் பெட்டி இருந்தது. ஒவ்வொரு கன்னத்துக்குள்ளும் திட்டு இருந்தது. பலருக்கு முதல் மார்கழியில் இருந்ததைவிடப் பெரிதாக. எங்களைப் பார்த்து யாரும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரு பெரியவர் அடக்கிய புகையிலையோடே சிரித்தார்.

“பாயம்மா, நீங்க நொம்ப நல்லாத்தான் பேசுனீங்க சாமி. கேக்கறதுக்கு அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதுக்குன்னு உட்டுற முடியுங்களா?”

மலையில் விட்டது சாமிக்காக. ஒரு மாதம் மட்டும். அந்த ஒரு மாதத்தில் திட்டு மெலியும். அந்த ஒரு மாதத்தில்தான் நாங்கள் டார்ச் அடிப்போம். அடிவாரத்து ஊர்களுக்கு அந்த நோன்பு கிடையாது. அதனால் அங்கே மாறவில்லை. என் பேச்சுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கணக்கு முடிந்த பிறகும் டாக்டரம்மா உடனே எதுவும் செய்யவில்லை. இதையும் சொல்ல வேண்டும். நடுவில் டெல்லிக்குப் போய் அதே கட்டுரையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. திரும்பி வந்து மூன்றாம் நாள் டைரக்டர் அறைக்கு எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார்.

அந்த அறைதான் முதலில் சொன்ன அறை.

டைரக்டர் கெட்ட மனிதர் கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சம்பளம் தாமதமானால் அவரே அலைவார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்.

“இதுல யாராவது பொய் சொல்லியிருக்காங்களா?”

“இல்லை சார்” என்றார் டாக்டரம்மா.

“எண்ணுல ஏதாவது தப்பு?”

புள்ளிவிவர சார் தலையாட்டினார். “இல்லைங்க. கேட்டது, சொன்னது, பார்த்தது எல்லாம் சரி. எடுத்த மாசம்தான்…”

“அப்ப ஒரு திருத்தம் போடுங்க. சித்திரை மாதத்தில் எடுக்கப்பட்டதுன்னு ஒரு வரி. வாசிக்கறவங்க புரிஞ்சுக்கட்டும். கட்டுரை அங்கேயே இருக்கட்டும். யாரும் புகார் கொடுக்கலை. நீங்களே போய் எதுக்கு வாபஸ் வாங்கணும்?”

“அந்த ஒரு வரியை யார் சார் படிப்பாங்க?”

“படிக்கறவங்க படிப்பாங்க.”

“போதும்னு எழுதி வெச்சிருக்கோம் சார். மறைஞ்சவங்களைத் திரும்பக் கூப்பிட வேண்டாம்னு எழுதி வெச்சிருக்கோம். அதை எடுத்து வேற மாநிலத்துல திட்டமே போட்டுட்டாங்க. அங்க ஒரு சின்னப்பொண்ணு இருப்பாங்க. அவங்களை யாரும் கூப்பிட மாட்டாங்க.”

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அடுத்த மாசம் உங்க பதவிக்கு நேர்காணல். உங்க பேர்ல இருக்கற பெரிய கட்டுரை இது ஒண்ணுதான். இதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு, சொல்லுங்க. திட்டத்துக்குப் பணம் இதைப் பார்த்துத்தான் வருது. அது நின்னா இந்த ரெண்டு பேர் வேலையும் போகும்.”

சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க சொல்லுங்கம்மா. அத்தனை வருசம் பேசியிருக்கீங்க. உங்க பேச்சைக் கேட்டு ஒருத்தர்கூடவா விடலை? கொஞ்சமாவது பலன் இருந்திருக்குமில்ல?”

அந்தக் கேள்வியில் ஒரு வழி இருந்தது. அவர் எனக்காகவே திறந்து வைத்த வழி. நிறையப் பேர் குறைச்சிருக்காங்க சார் என்று சொல்லலாம். அதை யாரும் அளந்து பார்க்க முடியாது. டாக்டரம்மாவுக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும். செல்வி என் முட்டியைத் தன் முட்டியால் தொட்டாள்.

“ரெண்டு பேர் விட்டாங்கங்க” என்றேன்.

“பாருங்க, ரெண்டு பேர்.”

“அதுல ஒருத்தருக்குப் பல்லே இல்லீங்க. இன்னொருத்தர் எங்க அண்ணன் கடையில கடன் வெச்சதால வாங்க வரலை.”

புள்ளிவிவர சார் சிரித்துவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். டைரக்டர் சிரிக்கவில்லை. டாக்டரம்மாவும் சிரிக்கவில்லை.

“நான் வாபஸ் வாங்கறேன் சார்” என்றார்.

“இவங்க ரெண்டு பேரையும் பார்த்துச் சொல்லுங்க.”

டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். செல்வி குனியவில்லை.

“எனக்கு வேலை வேணுங்க மேடம்” என்றாள். “ஊட்டுக்காரர் படுத்துக் கிடக்கறாரு. பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்கு வேலை வேணும்.”

வெளியே யாரோ பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

“தெரியும் செல்வி” என்றார் டாக்டரம்மா. “நான் வாபஸ்தான் வாங்கப்போறேன்.”

செல்வி எழுந்து வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் டாக்டரம்மாவோடு பேசவே இல்லை. என்னோடும் வெகுநாள் பேசவில்லை. ஆத்தூர்ப் பக்கம் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். செல்வி சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரம்மா செய்தது சரி என்பதற்காக அவள் சொன்னது தப்பாகிவிடாது. உங்களுக்கு இப்படி ஒரு அறை வரும். வரும்போது இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேரும் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

பத்திரிகையில் நாலு வரி போட்டார்கள். ஆசிரியரே கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது என்று. நேர்மையானவர் என்று ஓரிருவர் டாக்டரம்மாவுக்கு எழுதினார்களாம். பதவி வேறொருவருக்குப் போனது. திட்டம் பங்குனியோடு நின்றது. அந்த மலை ஊர்களில் பார்த்த வாய்களை எல்லாம் சேலத்துக்கு வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். பஸ் ஏறி வந்தவர்கள் கொஞ்சம் பேர். டாக்டரம்மா தன் காரில் போய்க் கூட்டிவந்தவர்கள் கொஞ்சம் பேர். மீதிப் பேர் வரவில்லை.

நான் கடையில் உட்கார்ந்தேன். வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுத்தேன். புகையிலை கேட்டால் அண்ணனைக் கைகாட்டினேன். அண்ணன் எடுத்துக் கொடுத்தார். ஒட்டியிருந்த காகிதத்தை அவரே ஒரு நாள் கிழித்துப்போட்டார்.

சின்னப்பொண்ணுக்குப் புற்று பரவியிருந்ததால் கன்னத்தோடு தாடையிலும் கொஞ்சம் எடுத்தார்கள். கஞ்சிதான். அதுவும் ஒரு ஓரமாக வழியும். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் துண்டால் மூடிக்கொள்வார். ஒரு தடவை கேட்டார். “அந்த வெள்ளைக்காரப் பேப்பர்ல இன்னும் என்ற வாய் இருக்குதுங்களா?” இருக்கிறது என்றேன். “நல்லா இருந்தப்ப எடுத்ததுதான?” என்றார். ஆமாம் என்றேன்.

பங்குனிக் கடைசியில் இறந்தார். நான் போனேன். அவர் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். “சித்திரை பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாளுங்க” என்றார். அந்த வருடம் அவர்கள் வீட்டில் நோன்பு பிடிக்கவில்லை.

பத்திரிகையில் அந்தக் கட்டுரையை அழிப்பதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பில் குறுக்கே ஒரு வார்த்தை அடித்து அப்படியே வைத்துவிடுவார்களாம். போனில் காட்டினார். சின்னப்பொண்ணு வாய் மேலேயும் அந்தச் சிவப்பு எழுத்து குறுக்கே கிடந்தது. இரண்டு படத்திலும்.

இரண்டு வருடம் கழித்து என்னை வேறு திட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போனேன். அங்கே நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். எந்த மாதம் போகச் சொல்கிறார்களோ அந்த மாதமும் போனேன், சொல்லாத மாதமும் போனேன். நான் எதிர்பார்த்த பதில் வந்தால் இன்னொரு முறை வேறு விதமாகக் கேட்டேன். எதிர்பார்க்காத பதிலுக்கு ஒரு முறை போதும். மேலே இருக்கிறவர்கள் வண்டிச் செலவுக்குக் கோபித்துக்கொண்டார்கள். போன வருடம் ஓய்வு பெற்றேன்.

டாக்டரம்மா இப்போது சேலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருக்கிறார். காலையில் வாய் பார்க்கிறார். வாபஸ் வாங்கிய பிறகு ஒரே ஒரு கட்டுரை எழுதினார். எந்த மாதத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் எப்படி மாறும் என்பதைப் பற்றி. மழையில் நடந்து பார்த்த கணக்கு முழுக்க அதில் இருக்கிறது.

உங்களுக்குப் பயிற்சிக்குக் கொடுத்த புத்தகத்தைப் போன வாரம் எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். புரட்டினேன். நடுவில் ஒரு பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை களப்பணியாளர் பேசினால் போதுமானது என்று. அடியில் சின்ன எழுத்தில் எங்கள் டாக்டரம்மா பெயர். அந்தப் பழைய கட்டுரை.

எழுத்துக்கூட்டி மறுபடி படித்தேன். அதேதான். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

“மேடம், வாபஸ் வாங்கினதை இன்னும் எடுத்துப் போடறாங்களா?”

“போடறாங்க.”

“சிவப்பா அடிச்சிருக்கறதைப் பார்க்க மாட்டாங்களா?”

“திறந்து பார்த்தாத்தான தெரியும்? ஒருத்தர் போட்டதைப் பார்த்து இன்னொருத்தர் போடறாங்க. ஏறினது இறங்கறதில்ல. என் பேரைத் தட்டினா இன்னைக்கும் அதுதான் முதல்ல வருது.”

“வாபஸ் வாங்கினதுக்கு அப்பறம் எத்தனை பேரு?”

கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது.

“முப்பத்தொன்பது.”

“ரெண்டாவதா எழுதினீங்களே, மாசத்தைப் பத்தி. அதுக்கு?”

“நாலு.”